இரண்டு இருக்கை வண்டி

தென்லண்டனில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் எங்காவது கலியாண வீட்டில் ஒன்றாக இருந்துவிட்டால், பேச்சு எப்படியோ அப்பாமாரின் பெற்றோல் நிலையங்களில் வந்து நிற்கும். யாருடைய அப்பா எந்தச் சந்தியில் நின்றார், எத்தனை ஷிப்ட் செய்தார் என்று ஒரு போட்டியே நடக்கும். நானும் கலந்துகொள்வேன். என் அப்பாவும் அங்கேதான் நின்றார். ஆனால் அம்மாமார் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் "வீட்டில் இருந்தார்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கோபம் வரும். என் அம்மா வீட்டில் இருந்துகொண்டே ஒரு காரின் சேஸிஸை, அதாவது முழு வண்டியையும் தாங்குகிற அடிச்சட்டத்தை, இரும்பில் வெல்டிங் செய்து முடித்தவர். சிரிக்காதீர்கள். எண்பதுகளின் கடைசி அது, எனக்குப் பத்து வயது, தோர்ண்டன் ஹீத்தில் நடந்த கதை.

எங்கள் வீட்டின் முன்னறை அம்மாவின் தையல் அறை. லண்டனின் மறுகோடியில் உள்ள கிங்ஸ்பரியில் இருந்துகூடப் பெண்கள் சட்டை தைக்க வருவார்கள். வெறுங்காலோடு அந்த அறைக்குள் போனால் குண்டூசி குத்தாமல் திரும்ப முடியாது. அம்மாவின் கழுத்தில் ஒரு மஞ்சள் துணி டேப் எப்போதும் தொங்கும். ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. இலக்கங்கள் பாதி அழிந்து, ஒரு நுனியில் இருந்த பித்தளைத் தகடும் விழுந்துபோயிருந்தது. தாலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தது என்று அப்பா பகிடி விடுவார். குழம்பு கிண்டும்போதும் அது கழுத்தில்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார். நான் அவரை அங்கிள் என்பேன். அவருடைய தோட்டத்தின் முடிவில் ஒரு கராஜ் இருந்தது. அதற்குள் அவர் வெல்டிங் செய்யப் பார்ப்பதும், நீல வெளிச்சம் வெட்டி வெட்டி வருவதும், பிறகு எதையோ தூக்கி எறியும் சத்தமும் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போடும் அம்மாவுக்குத் தெரியும். மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மனிசன் என்ன செய்யிறார் எண்டு கேள்."

கேட்டேன். ஹாட் ராட் செய்கிறேன் என்றார். பழைய காலத்துச் சின்னக் கார் ஒன்றின் உடலை எடுத்து, அதன் உக்கிப்போன அடியைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக ஒரு சட்டம் செய்து, அதில் பெரிய எஞ்சினைப் பூட்டி ஓட்டுகிற பொழுதுபோக்கு அது. உடல் இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது, இரும்பும் வாங்கிக் கிடக்கிறது. சட்டத்தைத்தான் ஒட்ட முடியவில்லை என்று சொல்லிக் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் அவரைக் கேட்காமலே ஆடிக்கொண்டிருந்தன. மனைவி இருக்கும்போதே செய்திருக்க வேண்டும் என்றார்.

நான் இதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கையிலிருந்த துணிக்கவ்விகளை வாளிக்குள் போட்டார். தன் இரண்டு கைகளையும் வேலிக்கு மேலே நீட்டினார்.

"என்ர கை நடுங்காது எண்டு சொல்லு."

அந்தச் செப்டெம்பரில் அம்மா குரொய்டனில் மாலை வகுப்பில் சேர்ந்தார். அப்பாவிடம் தையல் வகுப்பு என்று சொன்னார். அப்பாவுக்குப் பின்னேர ஷிப்ட், சொன்னதைக் கேட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் என்னை பஸ்ஸில் கொண்டுபோய் நோர்பரியில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு அம்மா வெல்டிங் படிக்கப் போவார். பன்னிரண்டு ஆண்கள், ஒரு அம்மா. ஆங்கிலம் விளங்காத இடங்களில் வாத்தியாரின் கையைப் பார்த்துச் செய்தாராம். பெரியம்மா லேசுப்பட்டவர் இல்லை.

"இருவது வருசமாத் தைக்கிறவளுக்கு என்ன தையல் வகுப்பு? கொம்மா எங்க போறா, பிள்ளை?"

"தையல் வகுப்புக்கு" என்பேன். எனக்கு அம்மா சொல்லித் தந்திருந்தது அவ்வளவுதான்.

சித்திரைக்குப் பிறகு கராஜில் வேலை தொடங்கியது. பாடசாலை விடுமுறை விட்டதும் நானும் அங்கேயே கிடந்தேன். அம்மா இரும்பை வெட்டிய விதத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் பின்னால் நடந்தது விளங்கும். முதலில் பழுப்புக் கடதாசியைத் தரையில் விரித்து, சட்டை வெட்டுவதுபோல் முழுச் சட்டத்தையும் வரைந்து கத்தரித்தார். நீளத்துக்கு இரண்டு இரும்புக் குழாய், நடுவில் குறுக்காக ஐந்து, பார்ப்பதற்கு ஏணிபோல இருக்கும். அங்கிள் காரின் உடலை அளந்து குறித்து வைத்த ஒரு கொப்பியைப் பார்த்து அளவு சொல்லுவார். அம்மா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்து, தையல் சோக்கால் கோடு போடுவார். பிறகு ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொட்டு மட்டும் ஒட்டுவார். இழையோட்டிப் பார்க்காமல் மெசினில் வைக்கக்கூடாது, இதுவும் அப்படித்தான் என்பார். எல்லாம் நேரே நின்ற பிறகுதான் முழுதாக ஒட்டுவது. ஒட்டிய வரி ஆறியதும் அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார். டிப்போவில் முப்பது வருடம் நின்றவன் எவனும் இப்படி ஒட்டமாட்டான் என்று சொல்லுவார். நான் மொழிபெயர்ப்பேன். அம்மா வெல்டிங் முகமூடியைக் கவிழ்த்துக்கொள்வார். அந்த முகமூடியின் உட்பக்கத்தில், நெற்றி படுகிற இடத்தில், அம்மாவின் குங்குமம் சிவப்பாக ஏறிக் கிடக்கும். சுட்ட இரும்பின் மணமும் அம்மாவின் நல்லெண்ணெய் மணமும் சேர்ந்த ஒரு மணம் எனக்கு இப்போதும் சில சமயம் வரும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

நெருப்புப் பொறி பட்டு அம்மாவின் கார்டிகனில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. அம்மா ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒரு பூ தைத்தார். ஆடி மாதத்துக்குள் கார்டிகன் ஒரு பூந்தோட்டமாகிவிட்டது. அப்பா அதைப் பார்த்து "வடிவாயிருக்கு" என்றார். பாவம். பெரியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

ஒருநாள் நான் அம்மாவிடம் கேட்டேன், இதை எதற்குச் செய்கிறீர்கள் என்று.

"நான் தைச்சதெல்லாம் ஒருநாள் கிழியும். இது கிழியாதெல்லோ" என்றார்.

எனக்கு அது பதிலாகப் படவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. அங்கிளின் கொப்பியில் காரின் படம் ஒன்று இருந்தது. அதில் இரண்டு இருக்கைகள்தான். நான் திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்தேன், பின்னால் ஒன்றும் இல்லை. அந்தக் கிழமைதான் பெரியம்மா யாரிடமோ தொலைபேசியில் சொல்லக் கேட்டேன்: "இவள் போற போக்கைப் பாத்தா ஒருநாள் வெளிக்கிட்டுப் போயிடுவாள் போல கிடக்கு." பெரியவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். நான் அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நாங்கள் மூன்று பேர். கார் செய்வது போவதற்குத்தான். இருக்கை இரண்டு. யார் போனாலும் எனக்கு அதில் இடம் இல்லை.

எங்கள் சமையலறை அலுமாரியில், பருப்பு டின்னுக்கு மேல்தட்டில், ஒரு பிள்ளையார் இருந்தார். நான் அவரிடம் தினமும் பள்ளிக்கூட ஆங்கிலத்திலும் வீட்டுத் தமிழிலும் கேட்டேன், அந்தக் கார் ஓடக்கூடாது என்று.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை சட்டம் முடிந்தது. அங்கிளின் பழைய டிப்போ நண்பர்கள் இரண்டு பேர் வந்து, காரின் உடலைத் தூக்கிச் சட்டத்தின் மேல் இறக்கினார்கள். அது உட்காரவில்லை. ஒரு பக்கம் சரியாக இருந்தால் மற்றப் பக்கம் முக்கால் இஞ்சி, அதாவது முக்கால் அங்குலம், தள்ளி நின்றது. சட்டம் நீளத்திலும் அகலத்திலும் பெரிதாக இருந்தது. தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு அம்மாவின் சேலையைப் பார்த்தார்கள்.

அங்கிள் உடனே தன்மேல் போட்டுக்கொண்டார். கொப்பியில் அளவைப் பிழையாக எழுதியிருப்பேன், கை மட்டுமல்ல கண்ணும் போய்விட்டது என்றார். அம்மா தான்தான் எங்கோ பிழைவிட்டேன் என்றார். இரண்டு பேரும் மற்றவரைக் குற்றம் சொல்லமாட்டோம் என்று நின்றதில், உண்மையான பிழையை ஒருவரும் தேடவில்லை. கடைசியில் அங்கிள் ஒரு கதிரையில் இருந்துகொண்டு, சனிக்கிழமை பழைய இரும்பு எடுக்கிறவனை வரச் சொல்கிறேன், எல்லாவற்றையும் கொண்டுபோகட்டும் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன்.

அம்மா வீட்டுக்கு வந்து மெசினுக்கு முன்னால் இருந்தார். ஊசியில் நூல் கோக்கவில்லை. யாருடையதோ கலியாணச் சட்டை அரைகுறையாகக் கிடந்தது. முகமும் கழுவவில்லை, கன்னத்தில் கரி அப்படியே இருந்தது. நான் சமையலறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து, நான் கேட்டது இதை இல்லை என்று பிள்ளையாரிடம் சொன்னேன். அவர் சும்மா இருந்தார். என் வாழ்நாளில் ஒரு வேண்டுதல் இவ்வளவு சுத்தமாகப் பலித்தது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அப்பா ஷிப்டுக்குப் போக முதல் தன் சேர்ட்டை அயன் செய்துகொண்டு நின்றபோது, நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலி, வெல்டிங் வகுப்பு, கராஜ், பூ, இரண்டு இருக்கை, பெரியம்மா சொன்னது, பிள்ளையார், நாளைக்கு வரப்போகிற இரும்புக்காரன், எல்லாம் ஒரே மூச்சில் அழுதுகொண்டு. அப்பா அயனை நிமிர்த்தி வைத்தார். அப்பா கோபக்காரர் என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

"முக்கால் இஞ்சியோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எத்தினை அடிக்கு?"

எனக்குத் தெரியாது. அப்பா மாடிக்குப் போய் உடுப்பு அலுமாரியின் அடியிலிருந்து ஒரு தோல் உறையை எடுத்துக்கொண்டு வந்தார். உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன், அப்பா ஊரில் நில அளவையாளராக இருந்தவர். அந்த உறைக்குள் வட்டமாகச் சுருட்டிய உருக்கு டேப் ஒன்று இருந்தது. லண்டனுக்கு வந்த பிறகு அதை அவர் திறந்து நான் கண்டதில்லை. பாதி அயன் செய்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பக்கத்து வீட்டுக்குப் போனார். அம்மா ஜன்னலால் கண்டுவிட்டு ஓடி வந்தார்.

கராஜில் அப்பா சட்டத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். குந்தியிருந்து ஒரு மூலையில் அம்மா ஒட்டிய வரியை விரலால் தடவினார். அங்கிள் எழுந்து நின்று, எல்லாம் என் பிழை என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அப்பா கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"நீர் எந்த டேப்பால அளந்தனீர்?"

அம்மா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அப்பா உருக்கு டேப்பைத் தரையில் விரித்து, அதன் பக்கத்தில் துணி டேப்பை வைத்து, இரண்டின் தொடக்க நுனிகளையும் தன் செருப்பால் மிதித்துக்கொண்டு மற்றத் தலையைப் பார்க்கச் சொன்னார். துணி டேப்பில் அறுபது இஞ்சி என்று இருந்த இடம், உருக்கில் அறுபதே முக்கால். இழுத்து இழுத்து அளந்த இத்தனை வருடத்தில் அது நீண்டுபோயிருந்தது.

அம்மா நம்பவில்லை. "இவ்வளவு காலமும் இதாலதானே அளந்தனான். ஒரு சட்டை பிழைச்சதில்லை."

"உடம்பை அளந்ததும் இதால, துணியை வெட்டினதும் இதால. பிழை தெரியவராது" என்றார் அப்பா. "இந்தக் காரை அளந்தது வேற டேப்."

அங்கிளுக்கு நான் இதைச் சொன்னதும் அவர் தன் இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார், பிறகு பார்த்தால் அது சிரிப்பில்லை. இரும்புக்காரனுக்கு வரவேண்டாம் என்று சொல்ல உள்ளே போனார்.

அங்கிள் போன பிறகு அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அம்மா சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நீங்கள் படிச்ச படிப்பை விட்டிட்டுப் பெற்றோல் அடிக்கிறியள். எனக்கு ஒரு விளையாட்டுக் கிடைச்சிருக்கு, அதில சந்தோசமா இருக்கிறன் எண்டு உங்களிட்ட என்ன முகத்தோட சொல்லுறது?"

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. அம்மா பொய் சொன்னது பயத்தில் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். சந்தோஷத்தை ஒளித்துவைத்தார் என்பது எனக்குக் கலியாணமாகி, வேலை இழந்த கணவனுக்கு முன்னால் என் பதவி உயர்வைச் சொல்லத் தயங்கிய நாளில்தான் விளங்கியது. அப்பா அன்றைக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில் திரும்பவும் குந்தினார்.

"எங்க, அந்தக் கொப்பியை எடும். முதல் அளவைச் சொல்லும்" என்றார். ஷிப்டுக்கு அன்று முதல் முறையாகப் பிந்திப் போனார்.

நீளக் குழாய்களைக் குறைத்து, குறுக்குக் குழாய்களை எல்லாம் அறுத்தெடுத்துத் திரும்ப ஒட்டினார்கள். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முதல் அப்பா வந்து உருக்கு டேப்பின் ஒரு தலையைப் பிடிப்பார். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வந்தால்தான் விடுவார். துணி டேப்பை அம்மா குப்பையில் போடப் போனபோது தடுத்தார். "எறியவேண்டாம். எவ்வளவு பிழை எண்டு தெரிஞ்சிட்டுதெல்லோ, இனி அதை நம்பலாம்" என்றார். அதன் நுனியில் ஒரு துண்டுத் துணி தைத்து, பேனையால் "அறுபதுக்கு முக்கால் கூட" என்று எழுதிக் கொடுத்தார். வீடு மாறியபோது அந்த டேப் தொலைந்துவிட்டது. நான் இன்னும் தேடுகிறேன்.

உடல் உட்கார்ந்தது. எஞ்சின் ஏறியது. அடுத்த வருடம் வசந்தத்தில் கார் வெளியே வந்தது, ஒரு பெரிய தக்காளிபோலச் சிவப்பாக. பெரியம்மா நோர்பரியில் இருந்து நாலு எலுமிச்சம்பழமும் ஒரு தேங்காயும் கொண்டு வந்தார். தான் முதலே கண்டுபிடித்துவிட்டதாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நின்றார். நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தபோது அங்கிள் அதற்கும் ஏதாவது அளவு இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டார்.

அம்மா அன்று நல்ல சேலை கட்டி, காற்றுக்குத் தலையில் ஒரு ஸ்கார்ஃப் கட்டியிருந்தார். அங்கிள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி, மற்றக் கதவைத் திறந்து அம்மாவுக்குக் கையைக் காட்டினார். நான் வீட்டு வாசல் படலையில் நின்றேன். அழவில்லை. அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு நின்றேன், அது முகத்தில் எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. அம்மா காரடிக்குப் போனார். கதவில் கை வைத்தார். பிறகு திரும்பி வந்து, தன் ஸ்கார்ஃபை அவிழ்த்து என் தலையில் கட்டி, என்னைக் கொண்டுபோய் அந்த இருக்கையில் இருத்தினார்.

"நீங்கள் வரேல்லையோ அம்மா?"

"நான் பிறகு போறன்."

எலுமிச்சம்பழங்கள் நசிந்தன. தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லண்டன் ரோட்டில் பஸ்ஸில் இருந்த ஒருவர் ஜன்னலால் கைகாட்டினார். எஞ்சின் சத்தத்தில் என் பல்லெல்லாம் அதிர்ந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா அதில் ஏற முதல், அடுத்த கிழமையே அங்கிளுக்கு மாரடைப்பு வந்தது. உயிர் தப்பினார், ஆனால் மகள் வந்து அவரைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காரை வடக்கிலிருந்து யாரோ வந்து ட்ரெய்லரில் ஏற்றிச் சென்றார்கள். அம்மா ஜன்னலில் நின்று பார்த்தார். பிறகு முன்னறைக்கு வந்து யாருடையதோ சட்டைக்குக் கை பூட்டினார்.

அப்பா போய் ஆறு வருடமாகிவிட்டது. அம்மா என்னோடு இருக்கிறார். இப்போது அவருடைய கையும் நடுங்குகிறது. போன மாதம் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். ஒரு வருடம் கஷ்டப்பட்டுச் செய்துவிட்டு, ஏன் என்னை ஏற்றிவிட்டீர்கள் என்று.

அம்மா வெட்டாத கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ரெண்டு சீட்தான், உனக்கு இடமில்லை எண்டு பிள்ளையாரிட்ட அழுதனியாம். அப்பா அண்டைக்கே எனக்குச் சொல்லிப்போட்டார்."

பிறகு அந்தக் கையை என்னிடம் நீட்டினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அன்று நகம் வெட்டி முடிக்க முடியவில்லை.